பழைய அரிவாளின் தொழிலை அறியும் முறை

வாரச் சந்தைகளில் பழைய இரும்பு விற்போர் சாக்கை விரித்து, அதன்மேல் உடைந்த கொழு, தேய்ந்த மண்வெட்டி, கடையாணி, லாடம் முதலியவற்றோடு பிடி கழன்ற அரிவாள்களையும் கத்திகளையும் குவித்து வைத்திருப்பதைக் குடியானவர்கள் யாவரும் கண்டிருப்பார்கள். அவற்றுள் பல, ஒரு வீட்டில் ஒரு தொழில் நின்றுபோன பின்னர் எடைக்குப் போடப்பட்டவை. விற்பவருக்கு அவற்றின் பெயர் தெரியாது. வளைந்தவை யாவும் அவருக்கு அரிவாள்; நேரானவை யாவும் கத்தி. வாங்குகிறவரும், நல்ல இரும்பு, விலை நயம் என்ற இரண்டையே கருதி வாங்கிச் செல்கிறார்.

இவ்வாறு பெயர் தெரியாமல் வீட்டுக்கு வரும் கருவியால் விளையும் நஷ்டம் சிறிதன்று. செதுக்குவதற்கென்று மெல்லிதாக அடிக்கப்பட்ட அலகைக்கொண்டு விறகு வெட்டினால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். தெறிக்கும் துண்டு கண்ணிலும் படும். பல்லுள்ள அரிவாளைப் பல்லில்லாததென்று எண்ணிச் சாணை பிடித்தால், கொல்லன் ஒரு நாள் முழுதும் வெட்டிய பற்கள் சிறிது நேரத்தில் மறைந்துபோகும். கருவியின் தொழிலை அறிந்த பின்னர் அதனை எவ்வாறு வேண்டுமாயினும் பயன்படுத்தலாம். அறியாமுன் உலையிலிட்டால் மீண்டும் பெற முடியாது.

உதாரணமாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தென் ஜில்லாச் சந்தை ஒன்றில் ஏறத்தாழ ஒரு சாண் நீளமும், சற்றே வளைவும், மெல்லிய அகன்ற அலகும், குட்டையான மரப்பிடியும் உடைய பழைய அரிவாள் ஒன்று கிடக்கிறதென்று கொள்ளலாம். பல் ஒன்றும் காணப்படவில்லை. தேய்ந்துபோன கதிரரிவாள் என்கிறார் விற்பவர். வாங்க வந்தவர்களில் ஒருவர், கொல்லனிடம் கொடுத்துப் புதிதாகக் கருக்கு வெட்டுவித்தால் அறுப்புக்கு ஆகும் என்கிறார். மற்றொருவர், வேலி முள் வெட்டப் போதும் என்கிறார். இருவரில் எவர் சொல் சரி, அல்லது இருவருமே தவறினரா என்பதைக் கீழ்க்கண்ட பரீக்ஷைகளால் அறியலாகும்.

முதலில் தேய்த்துத் துலக்கலாகாது

பழைய கருவியைக் கண்டவுடன் செங்கற்பொடியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது பெரும்பாலோர் வழக்கம். இது தவறு. கருவியின்மேல் படிந்துள்ள அழுக்கே அதன் முதற் சாட்சியாகும். பால்மரங்களைக் கீறிய கத்தியில் பிடியின் அருகே கறுத்த பிசின் ஒட்டியிருக்கும். புல்லும் கதிரும் அறுத்த அரிவாளின் அலகு, துரு ஏறிய பின்னரும் வாயோரத்தில் மழமழப்பாக இருக்கும். மண்ணையொட்டி வெட்டிய கத்தியின் முனையில் கல்லிற் பட்ட வடுக்கள் இருக்கும். பிடியின் வெடிப்புகளில் வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பாகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் பகல் வெளிச்சத்தில் பார்த்துக் குறித்துக்கொண்ட பின்னரே எண்ணெய் தடவிய துணியால் துருவை மெல்லத் துடைத்தல் வேண்டும்.

பிடி பழுதாயிருந்தாலும் அதனைக் கழற்றுவதற்காகத் தீயிலிடுவது கூடாது. எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறமும், பின்னர் பழுப்பும் ஊதாவும், ஏறத்தாழ 300 டிகிரி செண்டிகிரேடு உஷ்ணத்தில் நீல நிறமும் கொள்ளும். வாய் நீலநிறம் அடைந்தால் அதன் கடினத் தன்மை குறைந்துவிட்டதென்பது நிச்சயம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. தண்ணீர் இல்லாமல் விசைச் சாணையில் பிடிப்பதாலும் இதே கெடுதி நேரும்.

வாயைப் பார்த்தல்

எந்த வெட்டுக் கருவிக்கும் அதன் தொழிலைச் சொல்லுவது வாயே. முதலாவது, வாய் உள்வளைவில் இருக்கிறதா, வெளிவளைவில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உள்வளைவில் வாயுள்ள கருவி, தாளையோ கிளையையோ அணைத்துத் தன்பக்கம் இழுத்து அறுப்பதற்கானது. வெளிவளைவில் வாயுள்ளது தள்ளியோ உருட்டியோ வெட்டுவதற்கானது.

இரண்டாவது, வாயின் சாய்வு ஒரு புறத்தில் மட்டும் உள்ளதா, இரு புறத்திலும் உள்ளதா என்று பார்க்கவேண்டும். இரு புறமும் சாய்வாகத் தீட்டப்பட்ட தடித்த வாய் ஆப்புப் போல மரத்தைப் பிளந்து செல்லும். அது ஓங்கி வெட்டுவதற்கு உரியது. ஒரு புறம் சமமாகவும் மறுபுறம் மட்டும் சாய்வாகவும் இருப்பது, சமமான முகத்தைப் பொருளின்மேல் படியவைத்துச் சீவுவதற்கு உரியது. இவ்வகைக் கத்தி வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. கைமாற்றிப் பிடித்தால் பொருளுக்குள் ஆழப் பாயும், அல்லது வழுக்கிக் கையை வெட்டும். நல்ல கத்தியொன்று எவர் கையிலும் நில்லாமல் சந்தைக்கு வந்ததற்கு, அது இடக்கைக்காரருக்கென அடிக்கப்பட்டதே காரணமாதலும் உண்டு.

மூன்றாவது பல். கதிர் அறுக்கும் கருக்கரிவாளின் பற்கள் உளியால் ஒரு முகத்தில் மட்டும் வெட்டப்பட்டு, பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். இதனாலேயே அது இழுக்கும்போது அறுக்கிறது. இதனைக் கூராக்க வேண்டின் பல் வெட்டாத முகத்தையே கல்லிற் படியவைத்துத் தேய்த்தல் முறை. எவ்வளவு தேய்ந்த கருக்கரிவாளாயினும், பிடிக்கு அண்மையில் கதிர் படாத இரண்டு விரற்கடை இடத்தில் பல்லின் வரிகள் எஞ்சியிருக்கும். விரல் நகத்தை அலகின் முகத்தில் மெதுவாக ஓட்டினால் அவ்வரிகள் தட்டுப்படும். அவ்விடத்திலும் வரி இல்லையாயின், அக்கருவி ஒருபோதும் கதிரரிவாளாக இருந்ததில்லை என்று துணியலாம்.

மேற்சொன்ன அரிவாளை இவ்வாறு பார்க்கையில், வாய் உள்வளைவில் இருக்கிறது. பிடியருகே வரி ஒன்றும் இல்லை. ஆகவே முதலாமவர் சொன்ன சொல் தள்ளுபடியாகிறது. பல்லில்லாமல் பிறந்த அலகில் பல் வெட்டுவது, அதன் மெல்லிய வாயைக் கெடுப்பதேயாகும்.

பளுவும் முதுகும்

அடுத்தபடியாக, அலகை ஒரு விரலின்மேல் குறுக்காக வைத்து எவ்விடத்தில் சமநிலை கொள்கிறதென்று பார்க்கவேண்டும். வெட்டரிவாளின் பளு முனைப்பக்கம் மிகுந்திருக்கும், முதுகும் தடித்திருக்கும். வீசும்போது அந்தப் பளுவே வேலையைச் செய்கிறது. கை வழிகாட்டுவதோடு சரி. அலகின் முனை மூக்குப் போல் உள்நோக்கி வளைந்திருந்தால், கிளையைக் கொக்கியிட்டு இழுப்பதற்கும், வீசிய முனை நிலத்திற் படாமல் காப்பதற்கும் அது உதவும். இதற்கு மாறாக, பளு பிடியின் பக்கம் தங்கி முதுகும் மெல்லிதாக இருக்குமாயின், அக்கருவி வீசுவதற்கன்று. அதன் வேலை முழுவதும் மணிக்கட்டின் அசைவிலேயே நடப்பது.

பிடியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அலகின் வால் மரத்துக்குள் நுழைந்து பூணினால் இறுக்கப்பட்டிருப்பின் அது கையிற் பிடிக்கும் கருவி. பிடிக்குப் பதிலாகக் குழல் போல் இரும்பு சுருட்டப்பட்டிருப்பின் அது நீண்ட கழியிற் செருகப்படுவது. ஆடு மேய்ப்போரும் காய் பறிப்போரும் கையாளும் தொரட்டி போன்றவை இவ்வகையின. குழல் உடைய கருவியைக் குட்டைக் கட்டையில் செருகிக் கைக்கருவியாக்கினால், வெட்டும் விசையில் அது கழன்று பறக்கும் அபாயம் உண்டு.

சந்தையிற் கிடந்த அரிவாளின் பளு பிடியருகே தங்குகிறது. முதுகு மெலிவு. வாயில் முள்வெட்டிய சொட்டை ஒன்றேனும் இல்லை. இரண்டாமவர் சொல்லும் இதனால் தள்ளுபடியாகிறது.

எஃகைச் சோதித்தல்

பழைய நாளில் எஃகு அருமையாயிருந்தமையால், அலகு முழுவதையும் மெத்தென்ற இரும்பினால் அடித்து, வாய்க்கு மட்டும் எஃகுப் பட்டையை உலையில் ஒட்டிச் சேர்ப்பது கொல்லர் வழக்கம். பிற்காலத்தில் மோட்டார் லாரியின் பழைய வில்பட்டைகளினால் அரிவாள் அடிக்கும் வழக்கம் பரவியது. நெடுநாள் தீட்டியதனால் எஃகு முழுதும் தேய்ந்து, இரும்பு மட்டும் எஞ்சிய கருவிகளும் சந்தைக்கு வருவதுண்டு. இதனை அறிய, வாயோரத்தில் அரத்தை மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம். அரம் பற்றி இழுத்தால் அவ்விடம் மெத்தென்றது. வழுக்கிச் சென்றால் கடினமுள்ளது. அலகைத் துடைத்துப் புளிக்கரைசலோ எலுமிச்சஞ்சாறோ தடவிச் சிறிது நேரம் வைத்தால், எஃகுள்ள பாகம் அதிகமாகக் கறுத்து, இரும்பு வெளிறித் தோன்றும். கறுத்த கோடு வாயோரத்தில் ஒரு நூல் அளவேனும் இருந்தால் கருவிக்கு இன்னும் ஆயுள் உண்டு. சோதனை முடிந்ததும் நன்றாகக் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசவேண்டும்.

ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் சில கருவிகள்

குறுகிய அலகும், நுனியில் சிறு வளையம் போல் சுருண்ட மூக்கும் உடைய கத்தி லாடம் அடிப்போருக்கு உரியது. குளம்பின் அடியிலுள்ள அழுகல் பாகத்தைச் சுரண்டுவதற்கே அம்மூக்கு அமைந்துள்ளது. இதனை வேறு வேலைக்குப் பயன்படுத்தி வாய் மழுங்கச் செய்த பின்னர் மாட்டின் குளம்பில் வைத்தால், அதிக விசை கொடுக்க நேர்ந்து உயிர்த்தசையில் காயம் உண்டாகும்.

கன்னியாகுமரி ஜில்லாவிலும் மலையாளக் கரையிலும் ரப்பர் மரங்களில் பால் எடுக்கும் கத்தியை லாடக் கத்தியென்று மயங்குவோர் பலர். ஆனால் ரப்பர்க் கத்தியின் முனை வளையமாகச் சுருளாமல், ஓடை போல் மடிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பட்டையில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனமே சீவுவதற்கும், கட்டையைத் தொடாமல் நிற்பதற்கும் அம்மடிப்பு உதவுகிறது. கத்தி கட்டையிற் பட்டால் அவ்விடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது.

ஒட்டுக்கட்டும் கத்தியோ நேரான சிறிய அலகுடையது. பட்டையைக் கிளப்புவதற்கு எலும்பினாலோ பித்தளையினாலோ ஆன தட்டையான நாக்கு ஒன்றும் பலவற்றில் இருக்கும். கரும்பு வெட்டும் கத்தி அகன்றும் மெல்லிதாயும் இருக்கும். அமெரிக்காவின் லூசியானா போன்ற பிரதேசங்களில் தோகை களைவதற்காக அதன் முதுகில் கொக்கியும் வைப்பார்கள். அத்தகைய கொக்கியைக் கண்டு போர்க்கருவி என்று அஞ்சவேண்டியதில்லை.

சந்தை அரிவாளின் மெய்ப்பெயர்

மேற்சொன்ன அடையாளங்களை ஒன்றுகூட்டிப் பார்த்தால் முடிவு தெளிவாகும். மெல்லிய அகன்ற அலகு, பல்லில்லாத உள்வாய், பிடியருகே தங்கிய பளு, சொட்டையற்ற கூர், பிடியின் வெடிப்பிற் சுண்ணாம்பு. அலகின் முகத்தில் சாணைக்கல்லின் கீறல்கள் இல்லை. மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடி தூவித் தீட்டிய மழமழப்பே உள்ளது. இது பனையேறிகளின் பாளை அரிவாள். வடிவம் ஊருக்கு ஊர் சிறிது வேறுபடும். மலையாளக் கரையில் தென்னையில் கள் இறக்குவோர் இதனினும் அகன்ற அலகுடைய கத்தியைக் கையாளுவர். ஆயினும் தொழில் ஒன்றே.

பனம்பாளையின் நுனியை நாள்தோறும் காலையிலும் மாலையிலும் மெல்லிய இதழாகச் சீவினால்தான் சாறு இடைவிடாமல் ஊறும். மழுங்கிய வாயினால் நசுக்கினால் சாறு வரும் நரம்புகள் அடைபடும். கனமாகச் சீவினால் பல வாரங்கள் பயன்தரவேண்டிய பாளை சில நாட்களில் தீர்ந்துபோகும். உயரத்தில் ஒரு கையால் மட்டையைப் பற்றிக்கொண்டு மற்றொரு கையால் செய்யவேண்டிய வேலையாதலின், கருவி பளுவாயிருத்தல் ஆகாது; விசை கொடுக்கும் அவசியமும் நேரலாகாது. சவரக் கத்திக்கு நிகரான கூர் வேண்டியது இதனாலேயே. ஏறுவோர் இதனை இடுப்பிற் கட்டிய அரிவாள்பெட்டிக்குள் வைத்துச் செல்வதும், அந்தக் கூர் உடம்பிற் படாமலும் மழுங்காமலும் காப்பதற்கேயாகும். பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் கடிப்பு என்னும் மர இடுக்கி, தளைநார், கலயம், சுண்ணாம்பு ஆகியவை இவ்வரிவாளின் துணைக் கருவிகள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது சாறு புளித்துக் கள்ளாகாமல் பதநீராக நிற்பதற்காக. தமிழ்நாட்டில் 1987-ஆம் வருஷத்தில் கள் தடை செய்யப்பட்ட பின்னர், பனையிலிருந்து குடியானவர் பெறும் இனிப்புச் சாறு இப்பதநீரும், அதைக் காய்ச்சிய கருப்பட்டியுமே.

ஆகையால் அச்சந்தை அரிவாள் இரும்பு விலைக்கு உரியதன்று. வரப்பிலும் தோட்டத்து எல்லையிலும் பனை உள்ள நிலச்சுவான்தார் ஒருவர் அதை வாங்கி, ஏறத் தெரிந்தவர் கையில் கொடுப்பாராயின், ஒரே பருவத்தில் அதன் விலை பலமடங்காகத் திரும்பும். பனையேறும் தொழில் அறிந்தோர் குறைந்துவரும் ஊர்களில், அத்தகைய அலகை அடிக்கத் தெரிந்த கொல்லரும் குறைந்துவருகின்றனர். அதனை உலையிலிட்டுக் களைக்கொத்தாக்குவது, ஒரு ரூபாய் ஆதாயத்துக்காக ஒரு தொழிலின் மாதிரியை அழிப்பதாகும். புதிய கொல்லர் ஒருவர் இவ்வகை அரிவாள் அடிக்க வேண்டின், பழைய அலகொன்றை எதிரில் வைத்துப் பார்த்தே அடிக்க முடியும்.

காயமும் நோயும்

பழைய கருவியைக் கையாளும்போது உண்டாகும் காயத்தை அலட்சியம் செய்யலாகாது. துருவினால் ரணஜன்னி வருமென்பது பொது நம்பிக்கை. உண்மையில் அந்நோய்க்குக் காரணம் மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்கிருமியே. துருப்பிடித்த வாயில் அவ்வழுக்கு எளிதில் தங்குவதாலும், ஆழ்ந்த காயத்தில் அக்கிருமி பெருகுவதாலும் அபாயம் நேர்கிறது. காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரியில் காண்பித்து, வேண்டுமாயின் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும்.

பயிருக்கும் இவ்வாறே. கரும்பில் மறுதாம்புப் பயிரைக் குட்டையாக்கும் நோய் 1944-45-ஆம் வருஷங்களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முதலிற் கண்டறியப்பட்டது. அது ஒரு நுண்கிருமியால் வருவதென்றும், வெட்டுங் கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியாக ஒரு கரும்பிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுமென்றும் பின்னர் நிரூபிக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் தெளிவான அடையாளம் காட்டாமலே இது மகசூலைக் குறைக்கும். ஆதலால் பிறர் வயலில் பழகிய கத்தியை விதைக்கரணை நறுக்கப் பயன்படுத்துமுன், ஒட்டிய சாற்றையும் மண்ணையும் நீக்கிக் கழுவி, கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தல் நலம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

கருவியின் தொழிலை அறிவது குடியானவருக்கு மட்டுமன்றிக் கிராம நிர்வாக அலுவலருக்கும் அவசியம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ விவசாய உபயோகத்துக்கோ மட்டும் அமைந்த பொருள்களை ஆயுதம் என்னும் சொல்லிலிருந்து நீக்கியுள்ளது. அச்சட்டத்தின் கீழ் ஏற்பட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய கத்திகளைப் பற்றிச் சொல்லுமிடத்திலும், விவசாயத்துக்கென அமைக்கப்பட்டவை விலக்கப்பட்டுள்ளன. பாளை அரிவாளும் வெட்டரிவாளும் இவ்வளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே வழக்கொன்றில் பறிமுதலான பொருளைப் பற்றி மகஜரில் சாட்சியாகக் கையொப்பமிடும்போது, ‘ஓர் அரிவாள்’ என்ற அளவோடு நில்லாமல், நீளம், அகலம், வாயின் அமைப்பு, பல் உண்டா இல்லையா, பிடியின் வகை, படிந்துள்ள பொருள் ஆகியவை எழுதப்படுகின்றனவா என்று கவனிப்பது கடமை. வேலைக்குச் செல்லும் பனையேறி வீணே துன்புறாமலும், தொழிற் கருவி என்ற பெயரில் கலகத்துக்குக் கொண்டுவரப்பட்டது தப்பாமலும் இருப்பதற்கு அவ்விவரமே உதவும். எந்தக் கருவியையும் சண்டைக்கு எடுத்துச் செல்வோருக்கு அதன் விவசாயப் பெயர் பாதுகாப்பாகாது என்பதும் நினைவில் இருக்கத்தக்கது.

முடிவாக, மேற்கண்ட பரீக்ஷைகள் யாவும் ஒரு முதியவரின் கைக்கு ஈடாகா. பெயர் தெரியாத கருவி கிடைத்தால், ஊரிலுள்ள பழைய கொல்லரிடமோ, ஆசாரியிடமோ, பனையேறியிடமோ, லாடக்காரரிடமோ ஒன்றும் சொல்லாமல் அதனைக் கையிற் கொடுத்துப் பார்க்கவேண்டும். அவர் விரல்கள் எவ்வாறு பிடியைச் சுற்றுகின்றன, வாயை எப்பக்கம் திருப்புகின்றன என்பதைக் கவனித்தால், வாய் திறந்து பெயர் சொல்லுமுன்னரே தொழில் விளங்கிவிடும். அவர் சொல்லும் பெயரையும், எந்த ஊரில் எந்த வேலைக்குப் பயன்பட்டதென்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பிடியிற் கட்டி, எண்ணெயிட்டுத் தொங்கவிடுவது நன்று. பெயரோடு வைக்கப்பட்ட கருவி அடுத்த தலைமுறையிலும் எடைக்குப் போகாது.